தருமம் செய்யும் கடன் அட்டை

சிராங்கூன் சாலை வியாபாரிகளாகிய நாம், தருமத்துக்குப் பங்கு தரும் கடன் அட்டையைக் கண்டால் மகிழ்கிறோம். 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், அட்டையைப் பயன்படுத்துந்தோறும் 1 காசும் புது அட்டைக்கு 1 டாலருமாக, சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க 17 இலட்சம் டாலர் சேர்த்தது. நல்ல காரியமே! ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாமா?

1,000 வெள்ளிச் செலவுக்கு 1 வெள்ளி தருமம் என்று வைத்துக்கொள்வோம். அத்தொகையை ஒரு மாதம் பாக்கி வைத்தால், ஆண்டுக்கு 26 விழுக்காடு என்றாலும் வட்டி 21 வெள்ளிக்கு மேல்! மார்க்கம் விலக்கிய வட்டியைக் கொடுத்தா தருமம் தேடுவது?

ஆகவே அன்பர்களே, அட்டை எடுக்குமுன் யாருக்கு, எவ்வளவு என்று கேளுங்கள். தவணைக்குள் முழுவதும் கட்டுங்கள். வரிக்கழிவுக்கு உரிய அறநிலையத்துக்கு நேரே ரொக்கம் கொடுத்தால், 2026 முடிய, கொடுத்ததில் இரண்டரை மடங்கு வரிக்குரிய வருமானத்தில் கழியும். அட்டையைவிட நம் கையே மேல்!