நூறுக்கு வெளியே ஒரு பிழைப்பு

திருமுடிவாக்கம்,
ஞாயிறு.

அன்புள்ள சின்னவனுக்கு,

பெரியப்பா எழுதுவது. ப்ளஸ் டூ முடிந்ததும் காலேஜ் வேண்டாம், நேரே டென்னிஸ் டூர் ஆடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாய். ஆடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாய் என்பதுதான் என் கவலை.

உன் அறைச் சுவரில் அல்கராஸ் சிரிக்கிறார். அவர் ஒருபக்கம் இருக்கட்டும். ஜெர்மனிக்கு ஆடிய டஸ்டின் பிரவுனைப் பற்றிப் படித்துப் பார். 2004-இல் பெற்றோர் வாங்கிக் கொடுத்த கேம்பர் வேனில்தான் ஐரோப்பாவின் சின்னப் போட்டிகளுக்கெல்லாம் அலைந்தார். படுக்கையும் அதிலேதான். மற்ற ஆட்டக்காரர்களின் ராக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஸ்ட்ரிங் போட்டுக் கொடுத்தார். 2015 விம்பிள்டனில் நடாலைத் தோற்கடித்தபோது அவருடைய ரேங்க் 102. தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளேயே வந்திருந்தார். அவர் தொட்ட உச்சம் 64.

அந்த வேன் வசதி உனக்குக் கிடையாது, சின்னவனே. ஜெர்மனியில் 200-ஆவது ரேங்க்காரன் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போய் ஆடிவிட்டு வரலாம். கோடையில் கிளப் லீக் ஆடினால் அதில் கொஞ்சம் காசு. நீயோ விசாவுக்கு அலைந்து, விமான டிக்கெட் வாங்கி, மொத்தப் பரிசே 15,000 டாலர் உள்ள போட்டி ஒன்றில் இறங்கி, முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது 200 டாலருக்கும் குறைவு. பந்து எடுத்துப் போடப் பையன்கள்கூட இருக்கமாட்டார்கள். இதற்குத்தான் உங்கப்பா பழந்தண்டலம் மனையை விற்க ஆள் பார்க்கிறான்.

"பிரஜ்னேஷ் குன்னேஸ்வரனா? ஆடிய அஞ்சு கிராண்ட் ஸ்லாமிலும் முதல் ரவுண்டுலயே அவுட்" என்று போன தடவை சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் சென்னைக்காரர், இடதுகை ஆட்டக்காரர். முழங்கால் எலும்பில் விரிசல் விட்டு, ஏறக்குறைய ஐந்து வருஷத்தை அதற்கே பறிகொடுத்தவர். ரேங்க் பாயிண்ட் என்பது ஆடினாலும் ஆடாவிட்டாலும் 52 வாரத்தில் கழிந்துபோகிற சரக்கு. நம்ம சிட்கோவில் லேத் ஓடாத மாதத்துக்கும் ஷெட் வாடகை கட்டுகிறோமே, அந்தக் கதைதான். அப்புறம் ஜெர்மனியில் ஓஃபன்பாக் போய் அலெக்சாண்டர் வாஸ்கேயின் அகாடமியில் தேறினார். அந்த வாஸ்கேயும் நூறுக்குள் லேசாக எட்டிப் பார்த்த ஆட்டக்காரர்தான். 2018-இல் பிரஜ்னேஷ் ஸ்டுட்கார்ட்டில் ஷபோவலோவை வென்றார், ஆசிய விளையாட்டில் வெண்கலம் எடுத்தார். 2019 பிப்ரவரியில் நூறுக்குள், ஏப்ரலில் 75. அப்போது வயது 29! அந்த ஒரே வருஷத்தில் நான்கு கிராண்ட் ஸ்லாமும் ஆடினார். விம்பிள்டனில் ரயோனிச்சிடம் தோற்றதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு 45,000 பவுண்டு. நீ சிரித்த அந்த முதல் ரவுண்டின் விலை இது.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் நேரடியாக நுழைய 104 பேருக்குத்தான் இடம். ராம்குமார் ராமநாதன் உலகத்தின் எட்டாம் நிலையில் இருந்த டொமினிக் தீமை 2017-இல் அடித்தவர். மறு வருஷம் நியூபோர்ட்டில் இறுதி ஆட்டம்வரை போனார். உச்ச ரேங்க் 111. கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுகளில் எத்தனை முறை முட்டியிருக்கிறார்! ஒற்றையரில் கதவு திறக்கவில்லை. திறமைக் குறைவு என்று இதை யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஆகவே என் யோசனை அமெரிக்கக் காலேஜ். உன் ஜூனியர் ரேங்க்குக்கு உதவித்தொகை கேட்கலாம். சோம்தேவ் தேவ்வர்மன் அப்படித்தான் வர்ஜீனியா போய் 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரிச் சாம்பியன் ஆனார். 2009-இல் நுங்கம்பாக்கத்தில் வைல்டு கார்டில் வந்து சென்னை ஓப்பன் இறுதிவரை ஆடினார், பிறகு 62 வரை போனார். இப்போது அமெரிக்கக் கல்லூரி ரேங்க்கில் முதல் 20-க்குள் முடிப்பவர்களுக்குச் சேலஞ்சர் போட்டிகளிலேயே இடம் கொடுக்கிறார்கள். உடம்பு முற்றுவதற்கு நாலு வருஷம், கையில் ஒரு டிகிரி, ஊர் ஊராக அலைய அவர்கள் செலவு. இதைவிட என்ன வேண்டும்?

அதற்குப் பின் மூன்று வருஷம் டூர் ஆடு. குறி 250. ஏன் அந்த எண் என்றால், டூரை நடத்தும் ஏ.டி.பி. 2024-இல் ஒரு வருமான உறுதித் திட்டம் தொடங்கியது; அந்த வருஷம் 176 முதல் 250 வரை இருந்தவர்களுக்கு 75,000 டாலர் உறுதி. அது வந்துவிட்டால் நீ யாரிடமும் கை நீட்ட வேண்டாம். வராவிட்டால் மறுபேச்சில்லாமல் நிறுத்து.

உங்கப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ இந்த வாரம் எஸ்.ஏ.டி. தேர்வுத் தேதியைப் பார். அமெரிக்கக் காலேஜ் கோச்சுகளுக்கு அனுப்ப ஆட்ட வீடியோ வேண்டும், செலவு என்னுடையது. மாடிப்படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாயாம், உங்கம்மா சொன்னாள். கோச்சிடம் மறைக்காமல் சொல்லி, போட்டிக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா