குழந்தையின் முகத்து மச்சத்தை எடுக்கலாமா?

பெற்றோருக்கு ஒரு பாடம்



"சுவாமி, பிள்ளை முகத்திலிருக்கும் இந்த மச்சத்தை எடுத்துவிடலாமா? எடுத்தால் பாவமில்லையே?" என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தாய்மார் கேட்பதுண்டு. இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மச்சம் என்பது என்ன? அதை எடுப்பது நியாயமா? எடுப்பதென்றால் எப்போது, எப்படி? இவற்றை வரிசையாய்ப் பார்ப்போம்.

1. மச்சம் என்பது என்ன?

தோலுக்கு நிறம் கொடுக்கும் நுண்ணிய உயிரணுக்கள் ஓரிடத்தில் கூட்டமாய்ச் சேர்ந்தால் அதுவே மச்சம். ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்று பிறக்கும்போதே மச்சத்தோடு பிறக்கிறது. மற்ற மச்சங்கள் பிள்ளைப் பருவம் தொடங்கி வாலிப வயது முடியும்வரை ஒவ்வொன்றாய்த் தோன்றும். ஆகையால் இன்று ஒன்றை எடுத்தாலும் நாளை வேறொன்று வரக்கூடும்.

கர்ப்பிணி கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, உடம்பைச் சொறிந்ததாலோ குழந்தைக்கு மச்சம் உண்டாவதில்லை. இதைச் சொல்லி மருமகளை நோகடிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அது பொய், பிறர்சிநேகத்துக்கு விரோதமான பேச்சுங்கூட. அப்படியே, இன்ன இடத்து மச்சம் யோகம், இன்ன இடத்து மச்சம் தோஷம் என்று சாமுத்திரிகா லட்சணம் பார்த்து முடிவு செய்வது முதற் கற்பனைக்கு விரோதம். வேடிக்கையைப் பாருங்கள்! ஆண்பிள்ளைக்கு நல்லது நடந்தால் "மச்சக்காரன்" என்று மெச்சுகிறோம். அதே மச்சம் பெண்பிள்ளையின் கன்னத்திலிருந்தால், நாளை பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று ஐந்து வயதிலேயே கவலைப்படத் தொடங்குகிறோம்.

2. வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டியவை

பெரும்பாலான மச்சங்களால் ஒரு கெடுதலுமில்லை. மச்சத்திலிருந்து எழும் புற்றுநோய் சிறு பிள்ளைகளுக்கு வருவது மிக அபூர்வம். பிள்ளை வளரும்போது பிறவி மச்சமும் உடம்போடு சேர்ந்து சற்று வளரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் பின்வரும் குறிகளில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது:

— மச்சம் திடீரென்று வேகமாய்ப் பெரிதாகுதல்;
— ஒரு பாதி மற்றப் பாதியைப்போல் இராமை, ஓரம் ஒழுங்கற்றுக் கலைந்திருத்தல்;
— ஒரே மச்சத்தில் பல நிறங்கள் தோன்றுதல்;
— காரணமின்றி இரத்தம் கசிதல், புண்ணாதல், ஓயாத அரிப்பு;
— பிறவியிலேயே மிகப் பெரிய மச்சம், அல்லது உடம்பில் பல மச்சங்கள்.

இமையிலிருந்து பார்வையை மறைக்கிற மச்சமும், உதட்டோரத்தில் அடிக்கடி காயப்படுகிற மச்சமும் வைத்தியருக்குரியவையே. இங்கெல்லாம் அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. வைத்தியர் எடுக்கச் சொன்னால் எடுப்பது பெற்றோரின் கடமை.

3. அழகுக்காக மட்டும் எடுப்பது பாவமா?

1958-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, தாம் மரிப்பதற்கு ஐந்து நாள் முன்பு, பாப்பரசர் 12-ம் பத்திநாதர் இத்தாலிய நாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜரி வைத்தியர்களுக்கு இதைப் பற்றியே உரை நிகழ்த்தினார். அதன் சாரம் இது: உடலழகு ஒரு நன்மைதான், ஆனால் அதைவிட மேலான நன்மைகள் உண்டு. ஆகவே அழகுக்கான சிகிச்சை தன்னிலே பாவமுமல்ல, கடமையுமல்ல. நோக்கம் நேர்மையாயிருக்க வேண்டும். உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து இருக்கக் கூடாது. காரணம் அந்தச் சிகிச்சைக்குத் தக்கதாயிருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் செய்யலாம்.

மனிதன் முகத்தைப் பார்க்கிறான், ஆண்டவரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேல் தீர்க்கதரிசி கற்றுக்கொண்டார். ஆனால் அதே அதிகாரம் தாவீது அழகிய தோற்றமுள்ளவன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. அழகை வெறுக்கவும் வேண்டாம், அதற்கு ஊழியம் செய்யவும் வேண்டாம்.

4. யாருக்காக எடுக்கிறோம்?

இதுவே பாடத்தின் இருதயம். மச்சத்தால் வருத்தப்படுவது பிள்ளையா, நீங்களா? மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் முகத்தில் குறை இருப்பதாகவே தெரியாது. நாம் வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டிப் பேசினால், தெரியாத குறையை நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

சிறு பிள்ளை ஆடாமல் படுத்திருக்காது. ஆகையால் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். வயது வந்த பிள்ளைக்கோ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் பெரும்பாலும் போதும். நோயின் அறிகுறி ஒன்றுமில்லாதபோது, பிள்ளை தானே யோசித்துச் சொல்லும் வயது வரை பொறுத்திருப்பதால் நஷ்டமில்லை.

பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பரிகாசம் செய்கிறார்களா? முதலில் ஆசிரியரைப் பாருங்கள். கேலியை நிறுத்துவது பெரியவர்களின் வேலை. அதற்காகக் கத்தியின்கீழ்ப் படுக்க வேண்டியது பிள்ளையின் வேலையல்ல. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, யாரும் தூண்டாமல், பலமுறை தானாகவே கேட்கிறது. கண்ணாடியைத் தவிர்க்கிறது, கையால் கன்னத்தை மூடிக்கொண்டே பேசுகிறது என்றால், "இதெல்லாம் ஆணவம்" என்று அதட்டாதீர்கள். அந்தத் துன்பம் மெய்யானது, தக்க காரணமுமாகும். 1989-ல் நிறைவேறி, 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவும், பிள்ளையைத் தொடும் காரியத்தில் அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் எண்ணத்துக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. பிள்ளை வேண்டாமென்றால், அந்தச் சொல்லுக்கும் அதே மதிப்பு உண்டு.

5. எடுப்பதென்றால் எப்படி?

வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது, முடியால் கட்டி இறுக்குவது, அழகு நிலையத்தில் திராவகம் வைப்பது ஆகியவை முகத்தை வேகவைக்கும். சீழ் பிடிக்கச் செய்யும். அதோடு, பாலுண்ணி வேறு, மச்சம் வேறு. எது எதுவென்று தோல் வைத்தியரே சொல்ல வேண்டும். திண்டிவனம் சாலையில் கோரிமேட்டிலுள்ள ஜிப்மரும், 2010-ல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வெறும் தோற்றத்துக்காக நகையை அடகு வைத்துக் கடன்படுவது தக்க காரியமல்ல.

வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள். தழும்பு எப்படியிருக்கும்? மச்சத்தை வெட்டித் தைத்தால் கோடு மச்சத்தைவிட நீளமாயிருக்கும். சில சமயம் அதன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா? லேசரால் சுட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது; மச்சம் திரும்பவும் தலைகாட்டலாம். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடம் தடித்துக் கட்டியாயிற்றா? அப்படியானால் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளையின் தழும்பும் அவ்வாறு தடிக்கக்கூடும்.

இன்னொரு சிறு காரியம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதுவது பெரும்பாலும் மச்சத்தைத்தான். எழுதப்பட்ட மச்சத்தை எடுத்தால் வைத்தியரிடம் ஒரு சான்று வாங்கிப் பத்திரமாய் வைத்திருங்கள்.

வீட்டில் யோசிக்க

1. இந்த மச்சத்தில் நோயின் குறி ஏதாவது உண்டா?
2. எடுக்க விரும்புவது யார்? பிள்ளையா, நாமா, அக்கம்பக்கமா?
3. மச்சத்துக்குப் பதில் தழும்பு வந்தாலும் பிள்ளை சம்மதிக்குமா?
4. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நம் அன்பு ஒரேயளவுதான் என்று பிள்ளைக்குத் தெரியுமா?

நான்காவது கேள்விக்கு முதலில் பதில் தேடுங்கள். அதற்குப் பதில் கிடைத்த வீட்டில் மற்ற மூன்றும் சண்டையில்லாமல் தீரும்.