ஊசியும் ஆணியும் காந்தமாகும் விதம்



பாகாலாவில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் அறிவியல் படிக்கிறார்கள். ஞாயிறு தமிழ் வகுப்பில் நான் "காந்தம்" என்றதும், "அயஸ்காந்தமா சார்?" என்று கேட்டார்கள். ஆம், இரண்டும் உறவுச் சொற்களே. அயஸ் என்பது வடமொழியில் இரும்பு. சொல்லைக் கேட்டால் மறந்துபோகும், கையால் செய்தால் மறக்காது. ஆகவே மூன்று சோதனைகள்.

தேவையானவை: தையல் ஊசி, மூன்று அங்குல இரும்பு ஆணி, குண்டூசிகள், பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி, 1.5 வோல்ட் பேட்டரி செல்.

சோதனை 1: ஊசியின் காதிலிருந்து கூர்முனை வரை, காந்தத்தின் ஒரே பக்கத்தால் ஒரே திசையில் 40 முறை தேய்க்கவும். திரும்பி வரும்போது காந்தத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பலனிராது. இப்போது ஊசி குண்டூசியை இழுக்கும்.

சோதனை 2: ஆணியில் கம்பியை 50 சுற்றுச் சுற்றி, இரு நுனிகளிலும் எனாமலைச் சுரண்டி, செல்லின் இரு முனைகளில் சில நொடிகள் மட்டும் தொடவும். கம்பி சுடும், கவனம்! குண்டூசிகள் கொத்தாக ஒட்டும். இணைப்பை எடுத்தால் பெரும்பாலானவை உதிரும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஊசி மட்டும் ஏன் காந்தமாகவே இருக்கிறது? இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு காந்தப் பகுதிகள் பல திசைகளில் கலைந்து கிடக்கின்றன. காந்தமோ மின்னோட்டமோ அவற்றை ஒரே திசைக்குத் திருப்புகிறது. மெல்லிரும்பான ஆணியில் அவை எளிதில் திரும்பும், எளிதில் கலையும். ஊசியோ கடினமான எஃகு. திருப்புவது சிரமம், ஆனால் திரும்பியது அப்படியே நிற்கும். ஆய்த எழுத்துக்காக நாம் படித்த "எஃகு" இதுதான்!

சோதனை 3: காந்த ஊசியைச் சிறு தெர்மோகோல் துண்டில் படுக்க வைத்து, பிளாஸ்டிக் கிண்ணத்து நீரில் மிதக்க விடவும். காந்தத்தைத் தூர வைக்கவும். ஊசி வடக்கு தெற்காக நிற்கும். காற்றின் வேலை என்று சந்தேகமா? தலைகீழாகத் திருப்பி விடுங்கள். சுழன்று பழைய நிலைக்கே வரும். பூமியே ஒரு காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதிய உண்மை இதுவே.

பாகாலாவிலிருந்து சித்தூர் வழியாகச் செல்லும் ரயில் பாதை ஏறக்குறைய தெற்கு நோக்கியே போகிறது. ஆகவே நம் ஊசியின் ஒரு முனை காட்பாடியைக் காட்டுகிறது என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். நீங்கள் வாழும் ஊரில் அது எந்த ஊர்ப் பக்கம் காட்டுகிறது? வரைபடத்தில் பாருங்கள்.

வீட்டு வேலை:
1. காந்தத்தின் மறுபக்கத்தால் தேய்த்தால், வடக்கே நின்ற முனை எங்கே நிற்கும்?
2. காந்த ஊசியைப் பெரியவர் ஒருவர் இடுக்கியில் பிடித்து, அடுப்பில் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் என்ன ஆகும்?

முதலில் ஊகித்து எழுதி, பிறகு செய்து பாருங்கள். விடையைத் தமிழிலேயே எழுதுங்கள்.