வர்த்தக வழிகாட்டி: மாதிரி பார்க்காத ஏலத்தில் வெள்ளி நாணயம் வாங்கலாமா?

அண்மைக் காலமாக நமது வர்த்தகச் சகோதரர்கள் சிலரும் அவர்களது பிள்ளைகளும் கைத்தொலைபேசி மூலம் வெளிநாட்டு ஏலங்களில் பழைய வெள்ளி நாணயங்களைக் கொள்வனவு செய்யத் தொடங்கியுள்ளனர். கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் என்னைச் சந்திக்கும் பலர் "இது நல்ல வியாபாரமா?" என்று கேட்கின்றனர். சரக்கை அறிந்தவனுக்கு எதுவும் வியாபாரம்தான். அறியாதவனுக்குக் கடை முதலும் மிஞ்சாது. எனவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் ஆரம்பமானது. 2020 இல் அது இணையவழிக்கு மாறியது. ஆனாலும் அங்கு எவரும் கண்ணை மூடிக்கொண்டு விலை கேட்பதில்லை. தரகர்கள் முன்கூட்டியே மாதிரி அனுப்புகின்றனர். கொள்வனவாளர் அதனைச் சுவைத்துப் பார்த்த பின்னரே விலை குறிக்கிறார். மிளகு, கராம்பு வாங்கும் நாமும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. நாணய ஏலத்திலோ நமக்குக் கிடைப்பது இரண்டு புகைப்படங்களும் நாலு வரி விபரமும் மாத்திரமே. இந்த வேறுபாட்டைப் புரிந்து கொண்டால் பாதிப் பாடம் முடிந்து விடும்.

கண்டி மக்கள் செய்த சோதனை

வெள்ளியைச் சோதிப்பது நமது பிரதேசத்துக்குப் புதிதல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தனது நூலில் இங்கு புழங்கிய தூண்டில் வடிவக் காசைப் பற்றி எழுதியுள்ளார். பாரசீகத்தின் லார் நகரின் பெயரால் 'லாரின்' என அழைக்கப்பட்ட வெள்ளிக் கம்பிக் காசின் வகையைச் சேர்ந்தது அது. மன்னரின் அனுமதியுடன் எவரும் அதனைச் செய்யலாம். ஆனால் சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இடுவார்கள். தூய வெண்மையாக வராவிட்டால் அக்காசு செல்லாது.

காசைச் செய்தவர் யார் என்பதை அன்றைய வியாபாரி பார்க்கவில்லை, வெள்ளியைத்தான் பார்த்தார். நாமும் அப்படியே செய்ய வேண்டும். ஆனால் நெருப்பில் மட்டும் இடக்கூடாது. இன்று பழைய காசின் பெறுமதி அதன் வெள்ளியில் மாத்திரமல்ல, மேற்பரப்பிலும் இருக்கிறது. புளி, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் பெறுமதி பெருமளவு குறைந்துவிடும்.

70 புள்ளித் தரம்

உலகச் சந்தையில் நாணயங்கள் 1 முதல் 70 வரை புள்ளியிட்டுத் தரப்படுத்தப்படுகின்றன. அமெரிக்காவின் ஆரம்பகாலச் செப்புச் சதங்களுக்காக வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949 இல் வெளியிட்ட முறை இது. 4 புள்ளி என்றால் நன்கு தேய்ந்தது, உருவம் மட்டும் தெரியும். 20 என்றால் ஓரளவு தேய்ந்தது. 40 என்றால் மேடான இடங்களில் மாத்திரம் தேய்வு. 60 இற்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது.

1986 இல் பீ.சீ.ஜீ.எஸ்., 1987 இல் என்.ஜீ.சீ. ஆகிய நிறுவனங்கள் தோன்றின. இவை நாணயத்தைப் பரிசோதித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து, தரத்தையும் இலக்கத்தையும் பதிகின்றன. அந்த இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். அங்கு படம் இருந்தால் விற்பவரின் படத்துடன் ஒப்பிட வேண்டும். உறையையும் போலியாகச் செய்கின்றனர் என்பதை மறந்துவிடக் கூடாது. உறையின்றி விற்பவர் "மிக நல்ல தரம்" என்று எழுதினால் அது அவரது சொந்த அபிப்பிராயம் மாத்திரமே.

எல்லாக் கீறலும் குறையுமல்ல. அமெரிக்காவின் ஆரம்பகால வெள்ளி டொலர்களில் சிலவற்றில் அரம் போட்ட கோடுகள் காணப்படும். அச்சிடுவதற்கு முன் கூடிய எடையைக் குறைக்க நாணயசாலையிலேயே அராவியதால் வந்தவை அவை. பின்னர் ஒருவர் அரம் போட்டிருந்தால் அது சேதம். சரக்கு எவ்வாறு உற்பத்தியானது என்பதை அறியாமல் தரம் பிரிக்க முடியாது.

மஸ்கட் சுல்தானுக்குச் சென்ற டொலர்

உலகப் புகழ் பெற்ற 1804 வெள்ளி டொலர் எதுவும் 1804 இல் அச்சிடப்பட்டதல்ல. 1830 களில், ஆசிய ஆட்சியாளர்களுக்கு அன்பளிப்பு வழங்குவதற்காகவே அந்த ஆண்டைப் பொறித்து முதலில் அச்சிட்டார்கள். அதில் ஒன்று 1835 இல் மஸ்கட் சுல்தான் சையித் பின் சுல்தானுக்கு வழங்கப்பட்டது. அவருக்குச் சென்றதாகக் கருதப்படும் நாணயம் 1999 இல் 41 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கும், 2021 இல் 76 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கும் ஏலம் போனது. 1804 டொலர்களில் அறியப்பட்டவை மொத்தம் 16 மாத்திரமே.

ஆசியச் சந்தைகளில் சில டொலருக்கு விற்கப்படும் '1804' டொலர்கள் எவ்வகையானவை என்பது இதிலிருந்து விளங்கும். பயணம் சென்று வந்த ஒரு சகோதரர் அவ்வாறான ஒன்றை எனது கடைக்குக் கொண்டு வந்தார். அதன் விளிம்பில் இன்றைய காசுகளைப் போல் வெறும் வரிகளே இருந்தன. 1794 முதல் 1803 வரையான அசல் டொலரின் விளிம்பில் 'ஹன்ட்ரட் சென்ட்ஸ் வன் டொலர் ஓர் யுனிட்' என்ற எழுத்துக்கள் ஓடும். 1804 டொலரிலும் வரி இல்லை. ஆகவே விளிம்பின் படத்தை அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

தராசும் ஒரு கோப்பைத் தண்ணீரும்

நாணயம் கைக்கு வந்ததும் நகைக்கடைத் தராசில் நிறுக்க வேண்டும். அந்த டொலர் புதிதில் 26.96 கிராம். தேய்ந்தால் சற்றுக் குறையும், கூடாது. பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக அமிழ்த்த வேண்டும். அசலாயின் தராசு ஏறக்குறைய 2.6 கிராம் காட்டும். அதே எடையில் செம்பு, நிக்கல் கலவை என்றால் 3 கிராம் அளவில் காட்டும். வெள்ளி அவற்றைவிடச் செறிவானது என்பதே காரணம். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை. வெள்ளியிலேயே செய்த போலிகளும் உள்ளதால், இச்சோதனையில் தோற்றால் நிச்சயம் போலி, தேறினால் பாதி வழி வந்துள்ளோம் என்று கொள்ள வேண்டும்.

நமது காசில் பழகுங்கள்

அமெரிக்க டொலருக்கு முன் நமது நாட்டு வெள்ளியில் கண்ணைப் பழக்குவது நல்லது. 1803 முதல் 1809 வரை கொழும்பில் யானை உருவத்துடன் 24, 48, 96 ஸ்டைவர் வெள்ளிக் காசுகள் அச்சிடப்பட்டன. 1821 இல் நான்காம் ஜோர்ஜின் தலையும் மறுபுறம் யானையும் கொண்ட ரிக்ஸ் டொலர் வந்தது. 1892 முதல் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் வெளிவந்தன.

ஐம்பது சதத்தை எடுத்துக் கொள்வோம். எடை 5.83 கிராம். 1917 ஆம் ஆண்டுக் காசில் நூற்றுக்கு 80 வீதம் வெள்ளி, அதாவது சுமார் 4.7 கிராம். 1919 ஆம் ஆண்டுக் காசில் 55 வீதம், அதாவது சுமார் 3.2 கிராம். அதே மன்னர், அதே எடை, ஆனால் வெள்ளி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. இரண்டுக்கும் ஒரே வெள்ளி விலை கேட்பவரிடம் ஆண்டைப் பார்க்காமல் பணத்தை எண்ணக் கூடாது. கொழும்பு கோட்டையிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையிலும் தேசிய நூதனசாலையிலும் அசல் காசுகளைப் பார்க்கலாம்.

கணக்கும் நேர்மையும்

ஏலத்தில் 100 டொலருக்கு விழுந்தது 100 டொலர் அல்ல. வாங்குபவர் தரகு 20 வீதம் என்று வைத்துக் கொண்டால் 120. காப்புறுதியுடன் தபால் செலவு 35 என்றால் 155. சுங்கமும் வங்கிக் கட்டணமும் வேறு. மறுபடி விற்கும்போது விற்பவர் தரகும் உண்டு. எனவே எல்லாச் செலவையும் கழித்து உச்ச விலையைக் கடதாசியில் எழுதிய பின்னரே ஏலத்துக்குள் நுழைய வேண்டும். கடைசி நிமிடத்தில் அதைத் தாண்டக் கூடாது.

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றி விடுவதை 'நஜ்ஷ்' என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். விற்பவரின் ஆட்களே வேறு பெயரில் விலை கூட்டுவது இணைய ஏலத்திலும் நடக்கிறது. இதற்கு எதிரான கேடயமும் அந்த உச்ச விலைக் கடதாசிதான். நாம் விற்கும்போது, கழுவப்பட்டது, ஒட்டுப் போட்டது என்ற குறையை மறைப்பதும் ஆகாது. வெள்ளியும் பணமும் கைமாறுவதில் மார்க்கச் சட்ட நிபந்தனைகள் இருப்பதால் உலமாக்களிடம் விளக்கம் பெற்றுக் கொள்ளவும்.

பழங்காசை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்போர் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருட்களை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்ய முடியாது. மண்ணில் தோண்டியெடுத்தது என்று கூறி ஒருவர் மலிவாகக் கொண்டு வந்தால் தொடவே வேண்டாம்.

இறுதியாக, கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணத்தை இதில் போட வேண்டாம். மிளகு விலை இறங்கினாலும் அன்றே விற்றுக் காசாக்கலாம். பழைய டொலருக்கு ஏற்ற கொள்வனவாளர் கிடைக்க ஒரு வருடமும் ஆகலாம். மீதமுள்ள பணத்தில் ஒரேயொரு காசை வாங்கி, நிறுத்து, விளிம்பு பார்த்து, இலக்கத்தைச் சரிபார்த்துப் பழகிய பின்னரே இரண்டாவதை நினைக்க வேண்டும்.