அம்பாசிடர் வண்டியின் உட்காப்பு

பழைய நூல்கள் பல காப்புச் செய்யுளோடு தொடங்குதலை யாவரும் அறிவர். கையில் அணியும் வளையும் காப்பு. வயலைச் சூழ்ந்த வேலியும் காப்பு. மோட்டார் வண்டிக்கும் அத்தகைய காப்பொன்று உண்டு. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரிலும், காலடித் தளத்திலும், எஞ்சின் மூடியின் உட்புறத்திலும் கம்பளம்போல் ஒட்டிக் கிடக்கும் அதனை, அது கெடுமளவும் எவரும் நினையார். கெட்டபின்னரோ ஓட்டுவோன் பாதம் சுடும். உடன் செல்வோர் உரத்துப் பேசியே தீரல் வேண்டும். அதனை வீட்டிலேயே புதிதாய்ச் செய்துகொள்ளுமாறு யாதென ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

எடுத்துக்காட்டாக அம்பாசிடர் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியினின்று தோன்றிய இது, வங்காளத்து உத்தரபாராவில் நெடுங்காலம் உருவாகி, 2014-ஆம் ஆண்டு மே திங்களில் நின்றுபோயிற்று. ஆயினும் அதனைப் பேணுவோர் இன்றும் உளர். சென்னைப் புதுப்பேட்டையில் அதன் கதவும் விளக்கும் தேடிப் பெறலாம். உட்காப்போ பழைய வண்டியிலிருந்து பிரித்தெடுத்தால் கையிலேயே உதிரும். ஆதலின் செய்துகொள்வதே வழி. உத்தரபாராவுக்கு அணித்தான ரிஷ்ராவிலேதான் 1855-ஆம் ஆண்டு இந்தியாவின் முதற் சணல் ஆலை எழுந்தது. நமக்கு இங்கு வேண்டப்படும் முதற் சரக்கும் சணலே என்பது எமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

காப்பு என ஒன்றாய்ச் சொல்லினும் அதன் தொழில் மூன்று. தகட்டின் அதிர்வை அடக்குதல் ஒன்று. ஒலியை மறித்தல் ஒன்று. வெப்பத்தைத் தடுத்தல் ஒன்று. ஒரே பொருள் இம்மூன்றையும் செவ்வனே செய்யாது. நெய்யாமல் இழைகளை இறுக்கிச் செய்யும் 'ஃபெல்ட்' என்னும் சணற் கம்பளம் வெப்பத்தைத் தடுப்பது, தன்னுள் அசையாக் காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதனால். அதனை நசுக்கி ஒட்டினால் பயன் குன்றும். ஒலியை மறிப்பதோ எடை. தடுப்பின் எடை இருமடங்கானால் கடக்கும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது பௌதிக நூலார் விதி. ஆகவே கம்பளத்தின்மேல் கனத்த ரப்பர் விரிப்பொன்று இருத்தல் வேண்டும். மெத்தென்றிருப்பதெல்லாம் ஒலியை நிறுத்தும் என்பது பொதுமக்கள் கொண்ட பொய்ந்நம்பிக்கை.

முதலில் பழையதை அகற்றுக. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் கல்நார் சேர்ந்த அட்டைகள் இருத்தலும் உண்டு. அதன் நுண்துகள் நுரையீரலிற் புகுந்து, இருபது முப்பது ஆண்டு கழித்தும் புற்றுநோயாய் வெளிப்படும். வெண்சாம்பல் நிறத்து நார் அட்டை இன்னதென்று தெரியாதவிடத்து அதனைச் சுரண்டுதல், தேய்த்தல், உலரப் பெருக்குதல் ஆகா. அறிந்தாரிடம் விடுதலே தக்கது. ஏனைய கம்பளத்தைக் கழற்றுங்கால் உதிராதவாறு எடுத்து வைக்க. அதுவே நமக்கு அளவு காட்டும் ஆசான்.

தளம் வெளிப்பட்டதும் துரு தோன்றும். ஈரம் உண்ட கம்பளம் தகட்டைப் பல்லாண்டு அணைத்துக் கிடந்தமையின் விளைவு இது. துருவின்மேல் புதுக் கம்பளம் விரித்தல், பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை இணைப்பதனினும் கேடானது. அங்கே கிழிசலேனும் கண்ணுக்குப் படும், இங்கே அழிவு மறைந்து வளரும். துருவைச் சுரண்டி, செவ்வண்ண முதற்பூச்சுப் பூசி, நன்கு உலரவிடுக. பின்னர் இருளில் எஞ்சின் பக்கத்தே ஒரு மின்விளக்கை வைத்து, வண்டியுள் அமர்ந்து நோக்குக. ஒளி வருந் துளைதோறும் புகையும் வரும். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. தூக்கம்போல் வந்து உயிரைக் கொள்வது. எனவே வெற்றுத் துளைகளைத் தகடிட்டு அடைத்தலும், கம்பிகள் செல்லுந் துளைகளுக்கு ரப்பர் வளையம் இடுதலும் கம்பளத்தினும் முதன்மையான வேலை என்போம்.

அடுத்து அதிர்வடக்கம். தகட்டை விரலால் தட்டுக. மணிபோல் ஒலிக்கும் இடத்தில் தார் கலந்த ஒட்டுத்தகட்டினைப் பதிக்க, அவ்வொலி மரத்தைத் தட்டினாற்போல் மந்தமாகும். முழுத்தளத்தையும் மூடவேண்டுவதில்லை, நடுப்பகுதியில் நாற்கூற்றில் ஒரு கூறு மூடினும் பெரும்பயன் உண்டு. நம் நாட்டு நண்பகல் வெயிலில் சிறிது நேரம் வைத்தாலே தகடு இளகிவிடும், நெருப்புக் காட்டற்க. எளிதில் இளகுவதாதலின், புகைக்குழாய் அருகிலும் கூரையின் அடியிலும் இது கூடாது.

இனி அச்சு வெட்டுதல். பழையதைத் தடித்த பழுப்புத் தாளின்மேல் பரப்பி விளிம்பு வரைக. உதிர்ந்துபோன பகுதிக்குத் தாளையே தளத்தில் அழுத்தி மடிப்புக் காண்க. துளைகளை முதலிலேயே முழுதும் வெட்டாது, சிலுவைக் கீறலாகக் கீறிப் பொருத்திப் பார்த்தபின் விரித்துக்கொள்வது தையற்காரர் பொறுமை. மேற்புறம் இன்னது, முன்புறம் இன்னது என எழுதி வைக்காவிடில் இடவலம் மாறும். தாள் சரியாய்ப் பொருந்தியபின்னரே 10 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பளத்தை வெட்டுக. மிதிகளின் அடியில் மாத்திரம் கனத்தைக் குறைத்தல் வேண்டும். முடுக்கு மிதி தரைவரை சென்று தடையின்றி மீள்கின்றதா, தடுப்பு மிதி முழுதும் இறங்குகின்றதா எனப் பன்முறை சோதியாமல் வண்டியை எடுத்தல் தகாது. காலுக்குச் சுகம் தேடி உயிருக்கு இடர் வருவிப்பதோ?

தீயைப்பற்றியும் சொல்லல் வேண்டும். மெத்தைப் பஞ்சு மலிவாய்க் கிடைக்கின்றதென்று அதனை நிரப்புவோர் உளர். பாலியூரித்தேன் பஞ்சு எரிந்தால் நச்சுப்புகை எழும். வண்டியின் உட்பொருள் நிமிடத்திற்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவலாகாது என்பது அமெரிக்க நாட்டு விதி. நாம் அத்துணை நுணுக்கமாய் அளத்தல் அரிது. எனினும் திறந்தவெளியில் மணற்பரப்பின்மேல் சிறு துண்டொன்றைக் குறட்டாற் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். சுடரை அகற்றியதும் அவியாது தொடர்ந்து எரிவதையும், உருகிச் சொட்டுவதையும் விலக்குக. சணலோ சுடரின்றியும் பீடிபோற் கனலும் இயல்பினது. வெண்காரம் 7 பங்கும் போரிக் அமிலம் 3 பங்குமாகக் கலந்த தூள் 300 கிராமை 2 லிட்டர் வெந்நீரிற் கரைத்து, அதில் தோய்த்து உலர்த்தினால் அக்கனல் பெரிதும் அடங்கும். நீர் பட்டால் மருந்து கரைந்தோடும்; மழையில் நனைந்தால் மீண்டும் தோய்த்தல் வேண்டும்.

எஞ்சின் பக்கத்திற்குச் சணல் ஆகவே ஆகாது. அங்கே கண்ணாடி இழைக் கம்பளத்தின்மேல் அலுமினியத் தாள் ஒட்டியதைக் கொள்க. பளபளக்கும் முகம் வெப்பத்தை நோக்கியும், நடுவே விரலிடை வெளி விட்டும் இருந்தால்தான் அது வெப்பக்கதிரைத் திருப்பியனுப்பும். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவதாதலின் பாட்டரி முனைகளுக்கு எட்டாதிருக்கட்டும். இழை கையில் அரிக்கும். கையுறையும் முகமூடியும் வேண்டும். எஞ்சின் மூடியில் பசையை மாத்திரம் நம்பாது வாஷரும் திருகும் இட்டு இறுக்குக; பசை விட்டால் கம்பளம் சுடும் எஞ்சின்மேல் வீழும்.

பசை பூசும்போது கதவு நான்கும் திறந்திருக்க வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. இருபுறமும் பூசி, விரலில் ஒட்டாத பக்குவம் வந்தபின் ஒரே முறை வைத்து அழுத்துக. தளத்துக் கம்பளத்தை மட்டும் ஒட்டாமலே விரித்தல் நன்று. முதல் மழைக்குப்பின் அதனைத் தூக்கி அடியில் ஈரம் பார்க்கலாம்.