தலைமைக்கு முன்னால் கற்க வேண்டியது

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையத்துக்கு முதலில் தலைமை தாங்கியவர் வைத்தியநாத ஸ்தபதி. அவரிடம் தொழில் கற்ற மகன் கணபதி ஸ்தபதி, பிறகு அதே நிறுவனத்தை வழிநடத்தினார். 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடிவமைத்தார். அப்பாவின் பெயர் கதவைத் திறந்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். திறந்திருக்கலாம்தான். ஆனால் 133 அடி உயரத்துக்குக் கல்லை அடுக்கி நிறுத்தப் பெயர் உதவாது; இன்னொருவர் கண்ணுக்குக் கீழே அளவு பிசகாமல் வேலை செய்து பழகிய பயிற்சிதான் உதவும்.

மறைமலை நகரில் ஓர் ஆலையில் மேலாளரின் கீழ் வேலை செய்பவருக்கும் இதே வழிதான். அவர் ஒரு வேலையை ஒப்படைத்ததும், புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். ஏன் இப்படிச் செய்கிறோம் என்றும் கேளுங்கள். காரணம் அறிந்தவரால்தான் நாளை அந்த முடிவைத் தானே எடுக்க முடியும். பழுதோ தாமதமோ வந்தால் அன்றே தெரிவியுங்கள், கூடவே ஒரு மாற்று யோசனையையும். இப்படிப் பழகினால் தலையாட்டியாகிவிட மாட்டோமா? நியாயமான அச்சம். 1988-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் மேலாண்மை அறிஞர் ராபர்ட் கெல்லி இதற்கு விடை தந்தார்: சிறந்த பின்பற்றுநரிடம் ஈடுபாட்டோடு சுயசிந்தனையும் இருக்கும். தலையாட்டுபவரிடம் இல்லாதது அந்த இரண்டாவதுதான். எனவே மறுப்பை முடிவெடுக்கும் முன்பே, தனியாக, ஆதாரத்தோடு சொல்லுங்கள்; முடிவான பின் முழு மனதோடு செய்யுங்கள். பாதுகாப்புக்கோ நேர்மைக்கோ எதிரான உத்தரவு மட்டும் விதிவிலக்கு. அதற்கு மறுப்பை எழுத்திலேயே கொடுங்கள்.