சோறு போடுமா இந்தப் படிப்பு?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்விதான். தமிழ் இலக்கியம் எடுக்கிறேன் என்றாலும் சரி, கணிதம் எடுக்கிறேன் என்றாலும் சரி, சித்தப்பாவோ மாமாவோ கட்டாயம் கேட்டுவிடுவார்கள். இத்தனை வருஷம் பிள்ளைகளோடும் புத்தகங்களோடும் கிடந்தவன் என்பதால், கல்லூரி வாசலில் நிற்கும் உங்களுக்குச் சில சொற்கள் சொல்லலாம் என்று தோன்றியது. கேட்டுவிட்டு, ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கேட்பவர்மேல் கோபப்படாதீர்கள்

மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தத்தில் பாதிக் காது போன அம்மாவும் கேட்கிற கேள்வி அது. வாடகையும் வட்டியும் தெரிந்தவர்கள், அப்படித்தான் கேட்பார்கள். ‘அறிவுக்காகப் படிக்கிறேன்’ என்று அவர்களிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு சொல்வது அழகல்ல. கணித மேதை ராமானுஜனே வயிற்றுப்பாட்டுக்காகத்தான் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பாதிக்க வழி தேடுவதில் கல்விக்கு ஒரு இழுக்கும் இல்லை.

2. எது பயன்படும் என்று இன்றே முடிவுகட்டாதீர்கள்

ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி 1940-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். தன் கணிதத்தால் உலகத்துக்கு நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்று அதில் ஏறக்குறையப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். அவர் உயிராக நேசித்தது எண் கோட்பாடு. பகா எண்களின் பின்னால் அலைகிற துறை. 1977-இல் அமெரிக்காவில் மூன்று பேர் அதே பகா எண்களை வைத்து ஒரு சங்கேத முறையை உருவாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணைக் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் கம்ப்யூட்டரே திணறும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். இன்று இணையத்தில் பணமும் கடவுச்சொல்லும் திருடு போகாமல் காக்கும் ஏற்பாடுகளுக்கு எண் கோட்பாடு அடித்தளம். பயனே இல்லை என்று படித்தவரே சொன்ன படிப்பின் கதி இது.

ஆகவே, படிக்கும்போது நமக்குத் தெரிவது படிப்பின் ருசி ஒன்றுதான். பயன் பின்னால் வரும், வராமலும் போகும். அதைத் தீர்மானிப்பவர் நாம் அல்ல.

3. நம் ஊர்க்காரர் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

மு.கு. ஜகந்நாத ராஜா. ராஜபாளையத்துக்காரர், 1933-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சமஸ்கிருதம் போதாதென்று பிராகிருதமும் பாலியும் கற்றார். பாலி படித்தவனுக்கு ராஜபாளையத்தில் எந்த மில்லில் வேலை போட்டுத் தருவார்கள்? அவர் கற்றதால் சாதவாகன அரசன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் பிராகிருதக் காதல் பாடல்கள், காதா சப்த சதி, தமிழுக்கு வந்தன. நம் அகப்பாடல்களுக்கு ஒன்றுவிட்ட உறவு அவை.

இன்னொன்றும் செய்தார். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்த மால்யதா’வைத் தமிழாக்கினார். அந்தக் காவியத்தின் கதை வேறெங்கும் நடக்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நடக்கிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும்தான் அதன் மாந்தர்கள். நம் ஊர்க் கதை தெலுங்குக்குப் போய், நானூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, பக்கத்து ஊர்க்காரர் கையால் வீடு திரும்பியிருக்கிறது. மொழிபெயர்ப்புக்கென்று சாகித்திய அகாதெமி 1989-இல் விருது ஏற்படுத்தியபோது தமிழுக்கான முதல் விருது அந்த நூலுக்குக் கிடைத்தது. விருது கிடைக்கும் என்று எண்ணி யாரும் பிராகிருதம் படிக்க உட்கார்வதில்லை. அந்த விருதே அவர் படித்த காலத்தில் கிடையாது.

4. வேலைப் படிப்பிலும் ருசி இருக்கிறது, தேடுங்கள்

ருசி இலக்கியத்துக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டு, டிப்ளமா பிள்ளைகள் தங்களைத் தாங்களே தாழ்த்திக்கொள்கிறார்கள். மில்லில் ‘நாற்பதாம் நம்பர் நூல்’ என்கிறார்களே, அது என்ன என்று கேட்டிருக்கிறீர்களா? 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு இப்படி எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் என்றால் 40 சிட்டம், 33,600 கெஜம், 30 கிலோமீட்டருக்கும் மேல். அரைக் கிலோவுக்கும் குறைந்த அந்தப் பஞ்சை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இழுத்துக்கொண்டு போய், திரும்பவும் கொண்டுவந்து, மிச்சமும் வைக்கலாம்.

இந்தக் கணக்கைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் மறந்துபோவான். ஒரு தடவை மனசுக்குள் அந்த நூலை நீட்டிப் பார்த்தவன் மறக்கமாட்டான். நாளைக்கு ஸ்பின்னிங் மாஸ்டர் ஆவதும் அவன்தான்.

5. விடை தெரிவதும் படித்திருப்பதும் வேறு வேறு

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். திருப்பாவை எத்தனை பாடல்? முப்பது. நாச்சியார் திருமொழி? நூற்று நாற்பத்து மூன்று. ஆண்டாள் பிறந்த ஊரிலேயே பிறந்து, இரண்டு விடைக்கும் சரியாக வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, நாச்சியார் திருமொழியில் ஒரு பாட்டைக்கூடப் புரட்டாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். தேர்வை நான் குறை சொல்லவில்லை. எழுதுங்கள், வேலைக்குப் போங்கள். ஆனால் எண்ணிக்கை தெரிந்துகொண்ட ஒவ்வொரு நூலிலும் குறைந்தது பத்துப் பாட்டாவது படியுங்கள். தேர்வில் தோற்றாலும் அந்தப் பத்துப் பாட்டை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

6. பொற்கிழியை மட்டும் நினைவில் வைக்காதீர்கள்

பெரியாழ்வார் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டியன் சபையில் பரம்பொருள் யாரென்று நிலைநாட்டினார், கட்டித் தொங்கவிட்ட பொற்கிழி அவர் முன் தாழ்ந்து வந்தது. நாம் சொல்வது அந்தக் கட்டத்தைத்தான். அதற்கு முந்தைய கட்டத்தில், நந்தவனத்தில் கொத்திக்கொண்டிருக்கும் தனக்குச் சாத்திர வாதம் எப்படி வரும் என்று அவர் தயங்குகிறார். பரிசுக்குத் தயார்செய்துகொண்டு போனவர் அல்ல அவர். தினமும் பூப்பறித்து மாலை தொடுத்தவர். கிழி ஒரு நாள் வந்தது, மாலை தினமும் தொடுத்தாக வேண்டியிருந்தது. உங்கள் படிப்பில் தினப்படி வேலை எது என்று பாருங்கள். அது பிடிக்கவில்லையென்றால் பரிசு வந்தாலும் நிலைக்காது.

7. ருசியைச் சாக்காக்காதீர்கள்

‘எனக்கு இதில் இஷ்டமில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாதவர்கள். பிராகிருத இலக்கணம் முதல் ஆறு மாதம் யாருக்கும் இனிக்காது. மிருதங்கமும் அப்படித்தான், கால்குலஸும் அப்படித்தான். கை பழகிய பிறகுதான் இன்பம். போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது உடனே இனிக்கும். இரவு படுக்கும்போது எதைப் பார்த்தோம் என்றே நினைவிருக்காது. இரண்டையும் ஒரே பெயரால் சொல்லாதீர்கள்.

8. எல்லாவற்றையும் காசாக்க நினைக்காதீர்கள்

கொஞ்சம் ஓவியம் வந்தால் உடனே யூடியூப் சேனல், கொஞ்சம் பாட்டு வந்தால் கச்சேரிக்கு ரேட். சம்பாதிப்பது தப்பில்லை. ஆனால் விலை பேசாத ஒரு படிப்பாவது உங்களிடம் இருக்கட்டும். வேலை போன மாதத்திலும், ஓய்வுபெற்ற பிறகும் அதுதான் துணைக்கு வரும். அதைப் பணி நீக்கம் செய்ய எந்த முதலாளிக்கும் அதிகாரம் கிடையாது.

9. உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது, போங்கள்

வசதியில்லை என்று சொல்ல இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாயில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. விருதுநகர் மாவட்டம் என்ற ஒன்று பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலத்தில், பொதுமக்கள் படிக்க இங்கே ஒரு இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில் பூ.ச. குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர், தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஊரை வைத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஊருக்கு வீட்டைக் கொடுத்தவர் அதிகம் இல்லை. கலைக்கென்று ஒரு இடம் ஊருக்குத் தேவை என்று அவர் நினைத்தது, பிழைப்பு ஒன்றுக்காகவே மனிதர்கள் கற்பதில்லை என்று தெரிந்ததால்தான்.

10. கடைசியாக

சில படிப்பு சோறு போடும், சில படிப்பு போடாது. போடுகிற படிப்பைக் கடனே என்று படிக்காதீர்கள். கடனே என்று படித்தவனிடம் வேலையும் கடனே என்றுதான் நடக்கும். போடாத படிப்பு ஒன்றையாவது கைவிடாதீர்கள். இரண்டில் எது உயர்வு என்று என்னைக் கேட்டால், சோறு போடுவது அவசரம், ருசிப்பது அவசியம். அவசரத்தைக் கவனிக்கும் சாக்கில் அவசியத்தைத் தள்ளிப்போட்டு, அறுபது வயதில் நேரம் இருந்தும் படிக்க வராமல் உட்கார்ந்திருப்பவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கிறேன். ஆகவே பிள்ளைகளே, இந்த வாரமே ஏதாவதொரு நூலகத்துக்குப் போய், எந்தத் தேர்வுக்கும் வராத ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள்.